ஒற்றைக் கோட்டுப் பீப்பாய்கள்

இல்லை, அந்தப் பதினொரு பீப்பாயில் பூ செத்தது ரெக்லாவால் அல்ல. என்கார்னா ரொட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டு ஆயிரம் சொல்லட்டும். "அந்த நாள்ல உள்ள போயிருக்கா, வேற என்ன" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை ஒரு மாதிரி சுளித்துக்கொள்கிறாளே, அந்தச் சுளிப்பை வைத்தே எங்கள் சான்லூகார் ஊரில் பாதி நம்பிவிட்டது. ரெக்லா ஒயின் கிடங்குக்குள் போனாள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் இல்லை, பத்தொன்பது நாள் போனாள். பத்தொன்பது நாளும் வெளியே காவல் இருந்தவள் நான். அவளுக்கு அது எந்த நாள் என்பதும் எனக்குத் தெரியும், அவள் துணியைத் துவைத்தவளும் நான்தான். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் அப்பாவுக்காக. அவர் போன குளிர்காலம் கண்ணை மூடிவிட்டார். இனி யாருக்காக மூடிக்கொண்டிருப்பது?

ரெக்லாவின் அப்பா எலாதியோ, தோன் லிசார்தோவின் ஒயின் கிடங்கில் மேஸ்திரி. கிடங்கு முற்றத்திலேயே முதலாளி கொடுத்த வீடு. அடுப்படியிலிருந்து கிடங்குக்குள் ஒரு சின்னக் கதவு உண்டு. மேஸ்திரி எந்நேரமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்த கதவு. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம், மகள்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அதே முற்றத்தில் எதிர்ப்பக்கம், துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்து அறையில் நான்.

மேஸ்திரியின் வேலை மூக்கு வேலை. குளிர்காலத்தில் புது ஒயின் பீப்பாயில் இருக்கும். எது என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே தோட்டம், ஒரே பழம், ஒரே நாள் பிழிந்தது, ஆனாலும் பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய் அக்கா தங்கை மாதிரி வேறு வேறு குணம். மேஸ்திரி நீளக் காம்புச் சின்னக் குவளையை உள்ளே விட்டு எடுத்து, கண்ணாடியில் ஊற்றி, முகர்வார். குடிக்க மாட்டார். முகர்ந்துவிட்டுப் பீப்பாயின் முகத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் பூவுக்கு விடுகிற ஒயின். அதில் சாராயம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். மேலே பாலாடை மாதிரி வெள்ளையாகப் படரும், அதைத்தான் பூ என்கிறோம். ஆலிவ் ஊறலில் பூத்தால் கீழே கொட்டுவோம், ஒயினில் பூத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவோம். இரண்டு கோடு என்றால் கனத்த ஒயின். சாராயம் நிறையச் சேர்ப்பார்கள், பூ செத்துவிடும், வருடக்கணக்கில் கிடந்து பழுப்பாகும். மூன்று கோடு போட்டால் காடிக்குப் போக வேண்டியதுதான். ஓர் எழுத்தும் தெரியாத எனக்கே படிக்கத் தெரிந்த எழுத்து அது.

எங்கள் ஊரில் குடிப்பது என்றால் அந்த ஒரு கோட்டு ஒயின்தான். வைக்கோல் நிறம். நல்ல குளிர்ச்சியாக, சின்னக் கண்ணாடியில், பொரித்த பொடி இறால் அடையோடு குடிக்க வேண்டும். தித்திப்பு மருந்துக்கும் கிடையாது. விழுங்கிய பிறகு, கடல்காற்று நாக்கைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி வறண்டு நிற்கும். அதனால்தான் அதை உலர்ந்தது என்கிறோம். உடனே கை இன்னோர் அடையைத் தேடும். தித்திக்கிற ஒயினை வாங்கிக் கொடுத்துப் பெண் பார்க்க வந்தவனை எங்கள் தெருவில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ரெக்லாவையும் ஆட்கள் பார்க்க வந்தார்கள், திரும்பிப் போனார்கள். அவள் மூக்குதான் காரணம். கொடியில் காயும் சட்டை யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "இவளைக் கட்டிக்கிட்டா, புருஷன் எந்தக் கடையில எத்தனை குடிச்சான்னு வாசல்லயே கணக்கு வாசிச்சிடுவா" என்று துறையில் ஆண்கள் பேசிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முப்பது வயது ஆகிவிட்டது.

அந்த வருடம் திராட்சை அறுப்பு முடிந்த கையோடு எலாதியோ மூன்றாவது அடுக்குப் பீப்பாய் மேலிருந்து மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. எட்டு நாள் படுத்திருந்து எழுந்தார், ஒன்றுமில்லை என்றார். ரெக்லாவுக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கோயிலிலிருந்து வருகிறாள், தெரு முனையிலேயே பூண்டு தீய்ந்த வாடை. உள்ளே வந்தால் சட்டி கருகிப் புகை சுழல்கிறது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பா செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஒரு கிண்ணத்தில் காடியும் இன்னொன்றில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தாள். அவர் இரண்டையும் முகர்ந்தார். பிறகு அழுதார். அறுபத்தொரு வயது ஆள்.

பயம் அன்று அந்த வீட்டுக்குள் வந்தது, அப்புறம் போகவே இல்லை. ஏன் என்று கேட்பீர்கள். எலாதியோவுக்கு முன்னால் பெனிக்னோ என்று ஒரு மேஸ்திரி இருந்தார். வயதாகி மூக்கு மங்கியது, ஒரே வாரத்தில் வேலையும் போனது, வீடும் போனது. இரண்டு குளிர்காலம் கழித்து, துறையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் விறைத்துக் கிடந்தார். தூக்கிக்கொண்டு வந்தவர்களில் எலாதியோவும் ஒருவர். அந்தக் கையின் சில்லிப்பு தன் கையில் இன்னும் இருக்கிறது என்று அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

முதலில் அவர் சின்னப் புட்டிகளில் ஒயினை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சரிப்படவில்லை. அந்த இளம் ஒயின், சத்தியமாகச் சொல்கிறேன், பத்தடி நடத்திக்கொண்டு வந்தால் மயங்கிப்போகும். ரெக்லா ஒன்று சொன்னாள், பீப்பாயில் வேறாக இருந்தது. மூன்று பீப்பாயில் தோன் லிசார்தோ புருவத்தைத் தூக்கினார். இனி அவள் உள்ளே போனால்தான் முடியும்.

பெண்பிள்ளை கிடங்குக்குள் போகக் கூடாது. முதலாளி மனைவியே போனதில்லை. விலக்கான நாளில் ஒருத்தி நிழல் பட்டால் போதும், நூறு பீப்பாய்ப் பூவும் செத்துவிடும் என்று ஆட்கள் நம்பினார்கள். ரெக்லாவும் நம்பினாள், அதுதான் கொடுமை. "அக்கா, நான் போயி நிஜமாவே பூ செத்துட்டா?" என்று என்னிடம் கேட்டாள். அதனால் நாள் பார்த்து, குளித்து, துவைத்த துணி உடுத்தித்தான் போனாள். நடுவில் ஐந்து நாள் போகவும் இல்லை. அந்த ஐந்து நாளும் எலாதியோ இடுப்பு வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு ஆட்கள் சாப்பிடப் போவார்கள். ஊர் அடங்கும். நான் தொட்டி விளிம்பில் துணியை வைத்துக்கொண்டு கசக்குவதுபோல உட்கார்ந்திருப்பேன். பெரிய கதவுப் பக்கம் யாராவது வந்தால் கிணற்று வாளியை இரண்டு முறை தட்ட வேண்டும். உள்ளே வெளிச்சம் கிடையாது, உயரத்து ஜன்னலில் கோரைத் திரை. தரை தண்ணீர் தெளித்த மஞ்சள் மண், காலடி கேட்காது. அதுவே அவளுக்குப் பயம். "நம்ம காலடி கேக்கல, அப்ப அவங்க காலடியும் கேக்காதுல்ல" என்பாள். எலாதியோ எடுத்துக் கொடுப்பார், அவள் முகர்வாள். பச்சை மாவும், கசக்கிய சீமைச்சாமந்தியும், வலை காயும் துறையின் வாடையும் வந்தால் ஒரு விரல் காட்டுவாள். வாதுமைப் பருப்பும் பழைய மரமும் முன்னால் வந்தால் இரண்டு விரல். ஒரு வார்த்தை பேசுவதில்லை. வரிசை முழுவதும் முகர்ந்து முடித்த பிறகு அவர் ஒரேயடியாகக் கோடு போட்டுக்கொண்டே வருவார், அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்தப் பயத்திலும் அவளுக்கு ஓர் இன்பம் இருந்தது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வாள், இன்று ஒரு பீப்பாய் மழைக்கு முன்னால் வருகிற மேல்காற்று மாதிரி இருந்தது என்று. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். ஐஸ் மாதிரி இருக்கும்.

பத்தொன்பதாம் நாள் கடைசி வரிசை. கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே பதினொரு பீப்பாய். பதினொன்றுக்கும் அவள் ஒரு விரல் காட்டினாள். அந்த வருடத்தின் நல்ல ஒயின் அதுதான். கோடு போட எலாதியோ சுண்ணக்கட்டியை எடுத்திருக்கிறார், நான் வாளியைத் தட்டினேன். ஃபெர்மின் வந்துகொண்டிருந்தான், என்கார்னாவின் புருஷன், கிடங்கில் வேலை செய்பவன். தொப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தான். வாளிச் சத்தத்தில் எலாதியோ கையிலிருந்து கட்டி விழுந்து உடைந்தது. கிடைத்த துண்டை எடுத்து இருட்டில் சரசரவென்று பதினொரு கோடு இழுத்தார். ரெக்லா சுவருக்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டாள்.

ஃபெர்மின் தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நின்று பேசினான். மழை, மகனுக்குப் பல் முளைப்பது, எல்லாம். கால் மணி நேரம். வெளியே நான் கையில் இருந்த துணியைக் கிழித்தே விட்டேன். பிறகு அவள் சொன்னாள்: "மூச்சு விடாம நின்னேன் அக்கா. அப்பவும் இந்த மூக்கு சும்மா இருந்துச்சா? ஃபெர்மின் மதியம் பூண்டு சூப்பு குடிச்சிருக்கான்." நாங்கள் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து எலாதியோ விளக்கோடு அந்த வரிசைக்குப் போனார். போனவர் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. உடைந்த கட்டிக்கு இரண்டு முனை. ஓர் இழுப்புக்கு இரண்டு கோடு விழுந்திருக்கிறது, பதினொன்றிலும், வரிசையாக, அழகாக. ஃபெர்மின்தான் சாராயம் ஊற்றுபவன். நூற்று நாற்பது பீப்பாய், கோட்டைப் பார்ப்பான், ஊற்றுவான், எது எவ்வளவு என்று அவனுக்கு நினைவிருக்காது. ஊற்றிவிட்டான். நிறைய.

அப்போதே முதலாளியிடம் போய், கட்டி உடைந்தது, கோடு பிசகியது என்று சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் பயந்தவன் நேராக யோசிப்பதில்லை. ஏன் பிசகியது, ஏன் இருட்டில் போட்டாய், ஏன் மதிய வேளையில் போட்டாய் என்று கேள்வி கேள்வியாக வந்து கடைசியில் மூக்கில் நிற்கும் என்று நினைத்தார். கட்டை விரலால் ஒவ்வொரு பீப்பாயிலும் இரண்டாவது கோட்டை அழித்துவிட்டு வந்தார். வந்து சொன்னபோது ரெக்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்பா, இப்ப பூ சாகும். ஒரு கோடு இருக்கும், பூ இருக்காது. என்னன்னு சொல்வாங்க?"

அவள் கேட்டதுதான் நடந்தது. வசந்தம் வருவதற்குள் பதினொரு பீப்பாயிலும் பூ உடைந்து அடியில் விழுந்தது. மேலே கண்ணாடி மாதிரித் தெளிவு. கோடு ஒன்று, பூ இல்லை. இப்படி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஃபெர்மினுக்குக் காலடி நினைவு வந்தது. தொப்பி எடுத்த அன்று சாயங்காலம் தரைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது சுவரோரம் ஒரு சின்னக் காலடியைப் பார்த்திருக்கிறான். தன் கையை விரித்து அளந்தும் பார்த்திருக்கிறான். அன்று வீட்டுக்குப் போய் என்கார்னாவிடம், "நம்ம மேஸ்திரி இந்த வயசுல ஆள் வச்சிருக்கார்டி" என்று சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆயிற்று. சின்னக் கால், அடுப்படிக் கதவு, மேஸ்திரி மகள். ரொட்டிக் கடையில் ரெக்லா வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் தோன் லிசார்தோ ஆட்களை எல்லாம் கிடங்கு வாசலில் நிறுத்தினார். பெண்கள் நாங்கள் முற்றத்தில் நின்றோம். அவரே உள்ளே போய் இரண்டு கண்ணாடிகளில் ஒயின் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே நிறம், இளம் ஒயின் அப்படித்தான் இருக்கும்.

"எலாதியோ, ஒண்ணு பூ இருக்கிறது, இன்னொண்ணு பூ செத்தது. எது எதுன்னு சொல்லு. சொல்லிட்டு, செத்தது எதனாலன்னும் உன் மூக்கே சொல்லட்டும். நான் வேற யாரையும் நம்பல."

அவர் நம்பிக்கையோடுதான் சொன்னார். அதுதான் பயங்கரம். பூ இருக்கிற ஒயினையும் இல்லாத ஒயினையும் மூக்கு உள்ள சின்னப் பிள்ளை பிரித்துவிடும். எலாதியோ இரண்டு கையிலும் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். வலது கையில் இருந்ததை மூக்கருகே கொண்டுபோனார். இடதைக் கொண்டுபோனார். மறுபடி வலது. ஒயின் விளிம்பைத் தாண்டி விரலில் வழிந்தது. ஃபெர்மின் கழுத்தை நீட்டிப் பார்த்தான். ரெக்லா என் பக்கத்தில் நின்றாள், அவள் நகம் என் கையில் பதிந்தது. அப்பாவின் உதடு பிரிகிறது, எதையோ ஒன்றைச் சொல்லப் போகிறார், பாதிக்குப் பாதி தப்பாகப் போகும்.

"நான்தான் உள்ள போனேன்" என்றாள் ரெக்லா.

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முன்னால் நடந்து போனாள். மதியத்தில் அப்பா தூங்கும்போது தனியாகப் போனேன் என்றாள். எதற்கு என்று முதலாளி கேட்டார். அவள் கண் ஒரு நொடி அலைந்தது, நான் பார்த்தேன்.

"குடிக்க" என்றாள். "எல்லாரும் இவ்ளோ சொல்றாங்களே, அப்படி என்ன இருக்குன்னு."

என்கார்னா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆட்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கண்ணாடியை யாரும் பார்க்கவில்லை. எலாதியோ இரண்டையும் குனிந்து தரையில் வைத்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. தோன் லிசார்தோ நல்லவர்தான், கத்தவில்லை. நாளைக்குப் பிறகு அந்தப் பெண் இந்த முற்றத்தில் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். எலாதியோவின் தோளில் கை வைத்து, உன் மேல் தப்பில்லை என்றார். மகளால் ஏமாந்தவர் என்று அன்று ஊரே அவருக்காக இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தை அவர் எப்படித் தாங்கிக்கொண்டு நின்றாரோ, தெரியவில்லை.

சாயங்காலம் அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். எலாதியோ இரண்டு முறை எழுந்து தொப்பியை எடுத்தார், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று.

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள் ரெக்லா. "ரெண்டு பேரும் வெளியில. எனக்கு ரெண்டு கை இருக்கு, ஹெரேஸ்ல ஆஸ்பத்திரித் துணி துவைக்க ஆள் கேக்கிறாங்க. உங்களுக்குப் படகு இருக்கு, கவுத்துப் போட்டது. உக்காருங்கப்பா."

அவர் உட்கார்ந்தார். அவரைக் கோழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். பெனிக்னோவைத் தூக்கிய கை என்னுடையதல்ல.

அடுத்த குளிர்காலத்துக்கு என்ன செய்வீர்கள் என்று அவளே கேட்டு, அவளே வழியும் சொன்னாள். "இனிமே முதல் கண்ணாடிய முதலாளி கையில குடுங்க. மரியாதைன்னு நெனைச்சுக்குவார். அவர் மூக்கப் பாருங்க. நல்ல ஒயின்னா அவருக்கு மூக்கு ஓட்டை விரியும், கழுதைக்குப் புல்லக் காட்டின மாதிரி. விரிஞ்சா ஒரு கோடு. விரியலன்னா ரெண்டு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் அதைப் பாடம் மாதிரி மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது.

மறுநாள் காலை ஒரு துணி மூட்டை, ஒரு ரொட்டி, அம்மாவின் சால்வை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பால் திரிந்தால் சொல்லுங்கள், அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் ஓடி வாருங்கள், அவருக்குத் தெரியாது என்றாள். சரி என்றேன். பிறகு அப்பாவிடம் போய் நின்றாள். அவர் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அவள் போகிற வழியிலேயே நின்றார். நகரவில்லை. அவள் அவர் கழுத்தில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"சட்டைய மாத்துங்கப்பா" என்றாள். "மூணு நாள் ஆச்சு."

அவர் கதவுக் கட்டையிலிருந்து கையை எடுத்தார். பத்தேகால் ரயிலுக்கு நேரம் இருந்தது, ஆனால் அவள் நிற்கவில்லை. படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, ரொட்டிக்கு நின்ற வரிசை தெருவை அடைத்துக்கொண்டிருந்ததால் நடுவில் கொஞ்சம் வழி விடச் சொல்லிக் கேட்டு, அவர்கள் விட்ட வழியில் போனாள்.